முன்னே நிற்கும் சுழியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பைத்தான் என்ற நிரல்மொழியின் சரங்களைப் பற்றி, அதாவது மேற்கோள் குறிகளுக்குள் இடும் எழுத்துத் தொடர்களைப் பற்றி, எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: 7 என்பதை 007 ஆக்குவது எப்படி, ஆக்கிய பின்னும் அது ஏன் சில நேரங்களில் மறுபடி 7 ஆகிவிடுகிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். செயற்கூறுகளின், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தரும் ஆயத்தக் கட்டளைகளின், பெயர்களை அவை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் இடும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவி: ஐயா, பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கிறேன். எங்கள் வகுப்பின் வரிசை எண்களை ஒரு கோப்பிலிருந்து பைத்தானில் வாசித்து வரிசைப்படுத்தினால் 1, 10, 11, 12, 2, 3 என்று வருகிறது. முன்னால் சுழியம் சேர்த்து மூன்று இலக்கமாக்கினால் சரியாகும் என்று தோழி சொன்னாள். இசட்ஃபில் செயற்கூறைப் பயன்படுத்தினேன். 7 என்பது 07 என்றுதான் வருகிறது. கடைசியில் இருக்கும் 42 மட்டும் 042 என்று சரியாக வருகிறது. எங்கே தவறு?

தோழி சொன்னது சரியே. சரங்களை ஒப்பிடும்போது கணினி அவற்றின் மதிப்பைப் பார்ப்பதில்லை. இடப்புறத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டே வந்து, முதன்முதலில் எங்கே வேறுபாடு தென்படுகிறதோ அங்கேயே எது முந்தியது என்று முடிவு செய்துவிடுகிறது. அகராதியில் 'கடற்கரை' என்ற நீண்ட சொல் 'கண்' என்ற குறுஞ்சொல்லுக்கு முன்னால் நிற்பதும் இதே முறையில்தான். அங்கே சொல்லின் நீளத்தை யாரும் கணக்கில் கொள்வதில்லை. "10" என்ற சரத்தின் முதல் எழுத்து 1, "2" என்ற சரத்தின் முதல் எழுத்து 2; ஆகவே பத்து இரண்டுக்கு முன்னால் போய்விடுகிறது. எல்லாச் சரங்களும் ஒரே நீளமாக இருந்துவிட்டால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடும். முன்னால் சுழியம் சேர்ப்பதன் முதன்மையான பயன் அதுதான்.

இனி உங்கள் 07. கோப்பை வரி வரியாக வாசிக்கும்போது ஒவ்வொரு வரியின் இறுதியிலும் வரிமுறிவு என்னும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து சேர்ந்தே வருகிறது. நீங்கள் 7 என்று நினைத்துக் கொடுத்தது உண்மையில் ஏழும் வரிமுறிவுமாக இரண்டு எழுத்துகள் கொண்ட சரம். அதை மூன்று எழுத்தாக்கச் சொன்னால் இசட்ஃபில் ஒரே ஒரு சுழியத்தைத்தான் சேர்க்கும். அது சரியாகத்தான் செய்திருக்கிறது. கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு நீங்கள் என்டர் விசையை அழுத்தாமல் சேமித்திருப்பீர்கள், அதனால்தான் 42 மட்டும் வரிமுறிவு இல்லாமல் வந்து 042 ஆகியிருக்கிறது. வாசித்தவுடன் ஸ்ட்ரிப் செயற்கூறால் முன்பின் வெற்றிடங்களை நீக்கிவிட்டு, அதன் பிறகு இசட்ஃபில்லைக் கூப்பிடுங்கள். இத்தகைய சந்தேகம் எழும்போதெல்லாம் மாறியை (மதிப்பைத் தாங்கி நிற்கும் பெயரை) அப்படியே அச்சிடாமல் ரெப்ர் என்ற செயற்கூறுக்குள் இட்டு அச்சிட்டுப் பாருங்கள். மறைந்திருக்கும் வரிமுறிவும் இடைவெளியும் மேற்கோள் குறிகளுக்குள் வெளிப்பட்டுவிடும். இந்த ஒரு பழக்கம் பல மணி நேரத் தேடலைத் தவிர்க்கும் என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

பைத்தானில் இதே வேலைக்கு வேறு இரண்டு வழிகளும் உள்ளன. மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை ஒன்றல்ல என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கையில் இருப்பது சரம் என்றால் இசட்ஃபில் பொருத்தமானது. அது குறியை மதிக்கத் தெரிந்தது: "-42" என்ற சரத்தை ஐந்து எழுத்தாக்கச் சொன்னால், கழித்தல் குறியை முன்னால் நிறுத்திவிட்டு "-0042" என்று தரும். ஆர்ஜஸ்ட் என்ற செயற்கூறு சரத்தை வலப்புறம் ஒதுக்கி, இடப்புறத்து வெற்றிடத்தை நாம் சொல்லும் எழுத்தால் நிரப்பும். அதற்குக் குறி என்றால் என்னவென்று தெரியாது, ஆகவே அதே "-42" அதனிடம் "00-42" ஆகிவிடும். கையில் இருப்பது முழு எண் என்றால், எஃப்-சரத்தின் (மேற்கோள் குறிக்கு முன்னால் f இட்ட சரத்தின்) நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயர், முக்காற்புள்ளி, அதன்பின் 05டி என்று இடுவதே நேரான வழி. அது 42 என்ற எண்ணை "00042" என்றும், கழித்தல் 42 என்ற எண்ணை "-0042" என்றும் தரும். முழு எண்ணுக்கு இசட்ஃபில் என்ற செயற்கூறே கிடையாது. நேரடியாகக் கூப்பிட்டால் பிழை வரும்.

எஃப்-சரத்தில் 'டி' என்ற எழுத்தை விட்டுவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. எண்ணாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. ஆனால் அந்த மாறியில் எண்ணுக்குப் பதிலாக "42" என்ற சரம் வந்துவிட்டால், பைத்தான் 3.9 வரையிலான பதிப்புகள் பிழை காட்டி நின்றுவிடும், 3.10 முதலான பதிப்புகளோ, சரத்தை இடப்புறம் ஒதுக்குவது என்ற பொது வழக்கப்படி, சுழியங்களைப் பின்னால் சேர்த்து "42000" என்று தரும். பிழைச் செய்தி எதுவும் வராது, நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாயிரம் ஆகியிருக்கும். 'டி' இருந்தால் சரத்தை ஏற்காமல் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். தவறான விடையைவிட நின்றுபோன நிரல் மேலானது என்பதால், அந்த ஓரெழுத்தை விடாமல் எழுதும்படி என் மாணவர்களிடம் எப்போதும் வலியுறுத்துகிறேன்.

உங்கள் தேவை வரிசைப்படுத்துவது மட்டுமே என்றால் சுழியமே வேண்டாம். சார்ட்டட் செயற்கூறுக்கு, ஒப்பிடும் அளவையாக, சரத்தை முழு எண்ணாக்கும் இன்ட் என்பதைக் கொடுத்தால் போதும். சரங்கள் சரங்களாகவே இருக்க, அவற்றின் எண் மதிப்பின்படி வரிசை அமையும். கோப்புப் பெயர், அச்சிடும் அட்டை, பிற மென்பொருளுக்கு அனுப்பும் பட்டியல் என்று உங்கள் நிரலுக்கு வெளியே போகிறவற்றுக்குச் சுழியத்தைச் சேருங்கள்.

கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்: வாடிக்கையாளர் முகவரிகள் உள்ள சிஎஸ்வி கோப்பைப் பாண்டாஸ் என்ற பைத்தான் நிரல் நூலகம் மூலம் திறக்கிறேன். எங்கள் அஞ்சல் குறியீடு 00600. அது 600 என்று மாறிவிடுகிறது. இசட்ஃபில் போட்டு ஐந்து இலக்கமாக்கப் பார்த்தால் 600.0 என்று வருகிறது. யாழ்ப்பாணத்து முகவரிகளுக்கு 40000.0 என்று வருகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

உங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த நான்கு வரிகளைக் கொண்டு நானும் செய்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் வந்தது. நடந்ததைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சிஎஸ்வி என்பது வெறும் எழுத்துகளால் ஆன கோப்பு. எது எண், எது சரம் என்று அதற்குள் எந்தக் குறிப்பும் இருப்பதில்லை. ஆகவே பாண்டாஸ் ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து, அதில் இருப்பவை எல்லாம் இலக்கங்களாகவே இருந்தால், அது எண் என்று தானே முடிவு செய்துகொள்கிறது. எண் என்று முடிவான அந்தக் கணத்திலேயே முன்சுழியங்கள் போய்விட்டன. எண்ணுக்கு மதிப்பு மட்டுமே உண்டு, எத்தனை இலக்கத்தில் எழுதப்பட்டிருந்தது என்ற நினைவு கிடையாது. 00600, 0600, 600 மூன்றும் அதற்கு ஒன்றே.

அடுத்தது அந்தத் தசமப்புள்ளி. உங்கள் பட்டியலில் மூன்றாவது முகவரிக்கு அஞ்சல் குறியீடு விடுபட்டிருக்கிறது. பாண்டாஸின் வழக்கமான முழு எண் வகையில் 'மதிப்பு இல்லை' என்பதைக் குறிக்க இடமில்லாததால், ஒரே ஒரு வெற்றுக் கட்டம் இருந்தாலும் அது நெடுவரிசை முழுவதையும் தசம எண்ணாக மாற்றிவிடுகிறது. 600 என்பது 600.0 ஆனது அப்படித்தான். பிறகு நீங்கள் அதைச் சரமாக மாற்றி இசட்ஃபில்லிடம் ஐந்து எழுத்து கேட்டீர்கள். 6, 0, 0, புள்ளி, 0 என்று எண்ணிப் பாருங்கள்: ஏற்கெனவே ஐந்து எழுத்துகள் இருக்கின்றன. சேர்க்க ஒன்றுமில்லை என்று இசட்ஃபில் அப்படியே திருப்பித் தந்துவிட்டது. 40000.0 என்பதில் ஏழு எழுத்துகள். அதையும் அப்படியே விட்டுவிட்டது.

மருந்தை நோய் தொடங்கிய இடத்திலேயே கொடுக்க வேண்டும். கோப்பை வாசிக்கும் ரீட்_சிஎஸ்வி செயற்கூறில் டிடைப் என்ற அளபுருவை இட்டு, அஞ்சல் குறியீட்டு நெடுவரிசை சரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிச் செய்தால் 00600 அப்படியே 00600 ஆக வரும், வெற்றுக் கட்டம் வெற்றாகவே நிற்கும், இசட்ஃபில்லுக்கு வேலையே இருக்காது. எனக்குத் தெரிந்தவரை, முன்சுழியம் தொடர்பான தொல்லைகளில் பாதிக்குமேல் பின்னால் சேர்த்துச் சரிசெய்யப் பார்ப்பதால் வருகின்றன. முன்னால் இழக்காமல் இருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

அஞ்சல் குறியீடு எண்ணால் எழுதப்பட்டாலும் அது எண் அன்று. கொழும்பு 6-இன் 00600-ஐயும் யாழ்ப்பாணத்தின் 40000-ஐயும் யாரும் கூட்டிச் சராசரி காண்பதில்லை. தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தேர்வுப் பதிவு எண்ணும் இவ்வகையே. இந்தியாவின் அஞ்சல் குறியீடுகள் சுழியத்தில் தொடங்குவதில்லை என்பதால், அங்கே எழுதப்பட்டு அங்கே மட்டுமே சோதிக்கப்பட்ட நிரல்களில் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் வெளிப்படாமல் இருக்கக்கூடும். கொழும்பு முகவரியோ, 02108 என்ற குறியீடு கொண்ட அமெரிக்காவின் பாஸ்டன் முகவரியோ வந்தவுடன் வெளிப்பட்டுவிடும்.

ஏற்கெனவே சுழியங்களை இழந்துவிட்ட, மூலக் கோப்பும் இல்லாத பழைய தரவு கையில் இருந்தால், இலங்கையின் குறியீடுகள் அனைத்தும் ஐந்து இலக்கமே என்பதால் அதை மீட்கலாம். வெற்றுக் கட்டங்களை ஒதுக்கி, மற்றவற்றை முதலில் முழு எண்ணாக மாற்றி, அதன் பிறகு சரமாக்கி, இறுதியில் இசட்ஃபில் இடுங்கள். வரிசை மாறக் கூடாது.

ஈரோட்டிலிருந்து ஒரு கணக்காளர்: மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வரிக்காகச் சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடு மஞ்சளுக்கு 0910 என்று தொடங்கும். எக்ஸலில் இட்டால் 910 ஆகிவிடுகிறது. கட்டத்தின் வடிவத்தை மாற்றினேன், 0910 என்று தெரிகிறது. ஆனால் வேறு தாளிலிருந்து விலையைத் தேடி எடுக்கும் விலுக்கப் சூத்திரம் பொருந்தவில்லை என்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தெரிகின்றன?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதுதான் இங்கே சிக்கல். 0000 என்று தனிப்பயன் வடிவம் கொடுத்தபோது நீங்கள் மாற்றியது தோற்றத்தை மட்டுமே. கட்டத்துக்குள் இருப்பது இன்னும் 910 என்ற எண்தான். விலைத் தாளில் இருப்பது நான்கு எழுத்துகள் கொண்ட "0910" என்ற சரம். எண்ணையும் சரத்தையும் விலுக்கப் ஒன்றாகக் கொள்ளாது. கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்த்தால் உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிடும்.

புதிதாக இடும்போது, நெடுவரிசையை முதலில் 'உரை' என்று வடிவமைத்துவிட்டு இடுங்கள். ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இட்டாலும் போதும். வெளியிலிருந்து வரும் சிஎஸ்வி கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காதீர்கள். தரவுப் பட்டியில் உள்ள இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, குறியீட்டு நெடுவரிசை உரை என்று தேர்ந்தெடுங்கள். நீங்கள் சரியாகச் சேமித்த கோப்பாக இருந்தாலும், அடுத்தவர் இருமுறை சொடுக்கித் திறந்து மீண்டும் சேமித்தால் சுழியம் போய்விடும் என்பதை மண்டியில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன பட்டியலைத் திருத்த ஒரு நல்ல வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. எச்எஸ்என் குறியீடுகள் நான்கு, ஆறு அல்லது எட்டு இலக்கங்களில் எழுதப்படுவதால் எல்லாவற்றையும் எட்டு இலக்கமாக நிரப்பக் கூடாது. அப்படி நிரப்பினால் 910 என்பது 00000910 ஆகி, பொருளே இல்லாத குறியீடாகிவிடும். ஆனால் இந்த நீளங்கள் எல்லாமே இரட்டைப்படை. மேலும் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கங்களான அத்தியாய எண்கள் 01-இல் தொடங்குவதால் முன்னால் ஒரு சுழியத்துக்கு மேல் வர வழியில்லை. ஆகவே ஒரு குறியீட்டின் நீளம் மூன்று, ஐந்து அல்லது ஏழு என்று ஒற்றைப்படையாக இருந்தால், அதிலிருந்து சரியாக ஒரு சுழியம் போயிருக்கிறது என்று பொருள். லென் சூத்திரத்தால் நீளத்தை எடுத்து, ஒற்றைப்படையானால் "0" என்பதை அன்ட் குறியால் முன்னால் ஒட்டும்படியும், இரட்டைப்படையானால் வெற்றுச் சரத்தை ஒட்டி உரையாக்கும்படியும் ஒரு சூத்திரம் எழுதுங்கள். காப்பிக்கான 0901, தேயிலைக்கான 0902, மிளகுக்கான 0904 ஆகியனவும் இதே சூத்திரத்தில் திருந்திவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கணினி நிர்வாகி: ஒவ்வொரு நாளும் தானே ஓடிக் காப்புப் பிரதி எடுக்கும் நிரல் ஒன்றைப் பாஷ் என்ற கட்டளைமொழியில் எழுதியிருந்தேன். ஜூலை வரை ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட் முதல் தேதி நின்றுவிட்டது. மாத எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரியில் பிழை என்கிறது. பைத்தானில் மாதம் = 08 என்று எழுதிப் பார்த்தேன், அங்கும் பிழை. 08-இல் என்ன தவறு?

சி மொழியில் முன்சுழியத்தோடு எழுதிய முழு எண் எட்டடிமான எண்ணாக, அதாவது பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்ட எண்ணாக, கொள்ளப்படுகிறது. 010 என்றால் பத்தல்ல, எட்டு. இது சி-க்கு முந்தைய பி மொழியிலிருந்து வந்த வழக்கம். பி மொழி முதலில் உருவான பிடிபி-7 கணினியின் சொல் நீளம் 18 பிட்டுகள். அதை மும்மூன்றாகப் பிரித்து ஆறு எட்டடிமான இலக்கங்களில் எழுதுவது அன்றைக்கு வசதியாக இருந்தது. கணினிகள் மாறிவிட்டன, வழக்கம் மட்டும் பாஷ் உட்பட எத்தனையோ மொழிகளுக்குப் பரவி நிலைத்துவிட்டது.

எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். டேட் கட்டளை தரும் 01 முதல் 07 வரை எட்டடிமானமாகப் படித்தாலும் மதிப்பு மாறுவதில்லை, அதனால் ஏழு மாதங்கள் குறை தெரியவில்லை. 08, 09 இரண்டும் எட்டடிமானத்தில் இல்லாத எண்கள். உங்கள் நிரலை நீங்கள் தொடாமலே விட்டிருந்தால் அக்டோபரில் அது தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கும், அடுத்த ஆகஸ்டில் மறுபடி நின்றிருக்கும். கணக்கிடும் இடத்தில் மாறியின் முன்னால் 10# என்று இட்டால், பத்தடிமானமாகவே கொள்ள வேண்டும் என்று பாஷுக்குச் சொன்னதாகும். நாள் எண்ணைக் கொண்டு கணக்கிடும் வரிகள் இருந்தால் அவற்றிலும் இதே குறை உண்டு. ஒவ்வொரு மாதமும் 8, 9 தேதிகளில் வெளிப்படும். அவற்றையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

பைத்தான் 2-லும் 010 என்பது எட்டாகத்தான் இருந்தது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 இந்தக் குழப்பத்தை விலக்கி, சுழியமல்லாத எண்ணை முன்சுழியத்தோடு எழுதுவதையே தடைசெய்துவிட்டது; 08 மட்டுமல்ல, 07 என்று எழுதினாலும் பிழைதான். ஆனால் "08" என்ற சரத்தை இன்ட் செயற்கூறுக்குக் கொடுத்தால் அது தயக்கமில்லாமல் 8 என்று தரும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: ஜாவாஸ்கிரிப்டில் முன்சுழியம் சேர்க்கும் சிறு நிரல் ஒன்றை நீக்கியதால் உலகமெங்கும் மென்பொருள் வேலைகள் நின்றுபோயின என்று படித்தேன். உண்மையா?

உண்மை. லெஃப்ட்-பேட் என்ற அந்த நிரல்தொகுப்பு, ஒரு சரத்தின் இடப்புறத்தைக் கேட்ட எழுத்தால் நிரப்பித் தருவது. நிரல் என்று பார்த்தால் பதினொரு வரிகள். அதை எழுதிய அஸெர் கோச்சுலு, 'கிக்' என்ற வேறொரு தொகுப்பின் பெயர் தொடர்பாக எழுந்த தகராறில், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளுக்கான என்பிஎம் களஞ்சியத்திலிருந்து 2016 மார்ச் 22 அன்று தம் தொகுப்புகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். பேபல் போன்ற பெரிய கருவிகள் தாம் பயன்படுத்தும் தொகுப்புகள் பயன்படுத்தும் தொகுப்புகள் வழியாக அந்தப் பதினொரு வரிகளை நம்பியிருந்ததால், அவற்றை நிறுவ முயன்றவர்களுக்கெல்லாம் பிழை வந்தது. சில மணி நேரத்தில் என்பிஎம் அதை மீட்டு வைத்தது. வெளியிட்டதை விலக்கிக்கொள்ளும் விதிகளையும் பிறகு இறுக்கியது.

2017-இல் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் பேட்ஸ்டார்ட் (padStart; இதில் மட்டும் நடுவில் ஒரு பெரிய எழுத்து உண்டு) என்ற செயற்கூறு மொழியிலேயே இடம்பெற்றுவிட்டது. இப்போது இதற்கென்று வெளித்தொகுப்பு எதுவும் வேண்டியதில்லை. அது பைத்தானின் ஆர்ஜஸ்ட் போன்றது, இசட்ஃபில் போன்றதன்று. எதிர்மறை எண்ணைச் சரமாக்கிக் கொடுத்தால் "00-42" என்றுதான் வரும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு நூலகர்: நூல்களின் சேர்க்கை எண்ணை அட்டையில் அச்சிட நான்கு இலக்கம் போதுமா, ஐந்து வேண்டுமா? எங்களிடம் இப்போது ஏறத்தாழ எட்டாயிரம் நூல்கள் உள்ளன.

ஐந்து போதாது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆறு வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை என் வாழ்வில் நடந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்துக்கு அட்டை அச்சிடும் நிரலை எழுதிக் கொடுத்திருந்தேன். எண்கள் மையெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருந்தன; அங்கே சுழியம் சேர்க்க எல்பேட் என்ற செயற்கூறைப் பயன்படுத்தி, நீளம் நான்கு என்று கொடுத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்த நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது மேசைமேல் பதினொரு நூல்களை முதுகுப்புறம் தெரியும்படி அடுக்கி வைத்திருந்தார். அவற்றில் ஒன்று காகிதம் பழுத்துப்போன பழைய நூல், மற்ற பத்தும் அந்த வாரம் வாங்கிய புதியவை. பதினொன்றின் முதுகிலும் 1000 என்றே ஒட்டியிருந்தது.

எல்பேட் செயற்கூறு, சரம் குறுகியதாக இருந்தால் நிரப்புவதோடு, நீண்டதாக இருந்தால் வெட்டவும் செய்யும், வெட்டுவதும் வலப்புறத்தில். 10000 என்பதை நான்கு எழுத்தில் கேட்டால் "1000" என்று தரும். 10000 முதல் 10009 வரையிலான பத்து நூல்களும், ஏற்கெனவே 1000 என்ற எண்ணைப் பெற்றிருந்த நூலும் ஒரே அடையாளத்தைப் பெற்றுவிட்டன. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அந்தப் பத்தோடு அது நின்றதற்குக் காரணம் அந்த நூலகரின் கவனம்தான். இல்லையென்றால் அடுத்த பத்தும் 1001 என்று அச்சாகியிருக்கும். அன்று மாலை முழுவதும் அவரோடு அமர்ந்து அட்டைகளைப் பிரித்து ஒட்டினேன். குறை என்னுடையது என்பதால் அது இன்றும் மனத்தில் நிற்கிறது.

பைத்தானின் இசட்ஃபில்லும் ஜாவாஸ்கிரிப்டின் பேட்ஸ்டார்ட்டும் வெட்டுவதில்லை. 10000 அங்கே 10000 ஆகவே இருக்கும். ஆனால் வரிசை கெடும்: எழுத்து வரிசையில் "10000" என்பது "1000"-க்கும் "1001"-க்கும் நடுவில் போய் அமர்ந்துவிடும். எந்த மொழியானாலும், நிரப்புவதற்கு முன் எண் அந்த நீளத்துக்குள் அடங்குகிறதா என்று சோதித்து, அடங்காவிட்டால் நிரலை நிறுத்திப் பிழை காட்டும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நீளத்தைக் குறிக்கும் எண்ணையும் நிரலின் பல இடங்களில் எழுதாமல் ஒரே இடத்தில் ஒரு மாறியாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டாயிரத்தில் இருக்கும் நீங்கள் ஆறு இலக்கத்தில் தொடங்கினால், அட்டையில் இரண்டு சுழியங்கள் கூடுதலாக அச்சாகும், அவ்வளவுதான். நான்கில் தொடங்கிப் பிறகு அகலப்படுத்த வேண்டி வந்தால் அலமாரியில் உள்ள ஒவ்வொரு நூலின் முதுகையும் தொட வேண்டியிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர்: தமிழ் இலக்கங்களில் பக்க எண் இட விரும்புகிறேன். ௪௨ என்ற சரத்துக்கு இசட்ஃபில் இட்டால் 000௪௨ என்று கலந்து வருகிறது. முழுவதும் தமிழ் இலக்கங்களாகப் பெற முடியுமா?

பெறலாம். இசட்ஃபில் எப்போதும் வழக்கமான 0 என்ற எழுத்தையே சேர்க்கும், அதை மாற்ற முடியாது. ஆர்ஜஸ்ட் செயற்கூறில் நிரப்பும் எழுத்தை நாமே கொடுக்கலாம் என்பதால், நீளம் 5 என்றும் நிரப்பும் எழுத்து ௦ என்றும் கொடுத்தால் ௦௦௦௪௨ கிடைக்கும்.

இந்த ௦ பற்றி ஒரு செய்தி. நம் மரபான எண்முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் இருந்தன. நாற்பத்திரண்டை ௪௰௨ என்று எழுதினர். அந்த முறையில் வெற்றிடத்தைக் காட்டச் சுழியம் தேவைப்படவில்லை. ஒருங்குறியிலும் முதலில் தமிழுக்கு ௧ முதல் ௯ வரையிலான இலக்கங்களும் அந்த மூன்று குறிகளும் மட்டுமே இருந்தன. தமிழ்ச் சுழியம் 2005-இல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான் சேர்ந்தது. ஆகவே மிகப் பழைய எழுத்துருக்கள் சிலவற்றில் அது கட்டமாகத் தெரியக்கூடும். அச்சுக்கு அனுப்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கிட வேண்டியிருந்தால் தமிழ் இலக்கங்களை மாற்றி எழுத வேண்டியதில்லை. இன்ட் செயற்கூறுக்கு "௪௨" என்ற சரத்தை அப்படியே கொடுத்தால் 42 என்ற எண்ணைத் தரும், ஒன்றைக் கூட்டினால் 43 வரும். எண்ணிலிருந்து திரும்பத் தமிழுக்கு வர, 05டி வடிவத்தில் "00043" என்று சரமாக்கிவிட்டு, மேக்ட்ரான்ஸ் செயற்கூறில் 0123456789 என்ற சரத்தையும் ௦௧௨௩௪௫௬௭௮௯ என்ற சரத்தையும் இணையாகக் கொடுத்து ஓர் அட்டவணை செய்து, அதை ட்ரான்ஸ்லேட் செயற்கூறுக்குக் கொடுங்கள். இவ்வழியில் குறியும் சரியான இடத்தில் நிற்கும் என்பதால் ஆர்ஜஸ்டைவிட இதையே நான் விரும்புவேன்.

பக்க எண்ணோடு தலைப்புகளையும் இதே முறையில் இடைவெளியால் நிரப்பி நேராக்க எண்ணினால் அது அமையாது. பைத்தான் 'தமிழ்' என்ற சொல்லை ஐந்து எழுத்தாக எண்ணும்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. இலக்கங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொரு தமிழ் இலக்கமும் ஒன்றாகவே எண்ணப்படும். தலைப்புகளை நேராக்க மட்டும் அட்டவணை வடிவத்தையோ தாவல் நிறுத்தத்தையோ பயன்படுத்துங்கள்.